மூலம் என்று சொல்லிவைத்தோம்

தம்பி,

ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொன்ன பொய்யை அவருடைய மனைவி எத்தனை நாள் காப்பாற்ற வேண்டும்? உன் அம்மாவாகிய என்னிடம் இதற்கு விடை இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் விடை கிடைக்கும்வரை காத்திருக்க இப்போது நேரமில்லை. நாளை மதியத்துக்குள் நீ கோயம்புத்தூரிலிருந்து காரில் சேரம்பாடிக்கு வந்துவிடுவாய். அப்பாவை அழைத்துக்கொண்டு போய், நாளை மறுநாள் காலை அந்த மூல நோய் ஆஸ்பத்திரியில் லேசர் வைப்பதற்கு நாள் குறித்திருக்கிறாய். நீ வாசலில் வந்து இறங்கியதும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை உன் கையில் தரப்போகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அப்பாவிடம் போ.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மூலம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஏழு வாரம் கோயம்புத்தூரில் தங்கியிருந்தது புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பதற்காக. அந்த நோய் இப்போது அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கும்போதும் மருத்துவர் திருப்தியாகத் தலையாட்டுகிறார். எனக்கு இப்போது பயம் வேறொன்றில். அப்பாவுக்கு நாலு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. கதிர் பட்ட குடல் சுவரில் பிற்பாடு இப்படி வரலாம் என்று சிகிச்சையின்போதே எங்களுக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் வெட்டினாலோ, சூடு வைத்தாலோ, சதை கிள்ளி எடுத்துப் பார்த்தாலோ புண் ஆறாமல் போகக்கூடும், அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் கதிர்வீச்சு எடுத்ததை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றும் அதே தாளில் இருந்தது. நீ பிடித்திருக்கும் மருத்துவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. அப்பா சொல்லப்போவதும் இல்லை. இதுதான் விஷயம். இனி எழுதுவதெல்லாம், இது எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பது.

நீ அப்போது புனேயில் பயிற்சியில் இருந்தாய். அப்பா அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவதை நான் சர்க்கரை என்று நினைத்து அவர் டீயில் சீனியைக் குறைத்தேன். கூடலூரில் ஒரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அங்கே ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்றும், வெளியே பரவவில்லை, கதிர்வீச்சிலேயே கட்டுப்படுத்தலாம் என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது நான் போனை எடுத்தேன். “பையனுக்குச் சொல்லிடறேனுங்க.” அப்பா என் கையைப் பிடித்து போனை பைக்குள் போட வைத்தார். “வேண்டா அம்மிணி. ட்ரெய்னிங்க விட்டுப்போட்டு ஓடி வந்துருவான். முடியட்டும், நானே சொல்லிக்கறேன்.” எப்போது என்று கேட்டேன். “முடிஞ்சதும்” என்றார். அப்படியே என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். செய்துகொடுத்தேன். நம்பிக்கை இல்லாததாலேயே அது ஒரு பொருட்டில்லை என்று நினைத்தேன். இரண்டு வருடம் காப்பாற்றியிருக்கிறேன்.

மூலம் என்ற சொல் அவர் திட்டமிட்டு வந்ததல்ல. தேயிலைத் தோட்டத்து மேனேஜரான துரையிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, சேர்த்துவைத்திருந்த லீவை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். அவர் வெளியில் சொல்லமாட்டார் என்று நம்பிக்கை. ஆனால் லீவு லெட்டர் எஸ்டேட் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். ஆபீசில் சொன்னது மதியத்துக்குள் அப்பா டீமேக்கராக இருக்கும் ஃபேக்டரிக்கும், சாயங்காலத்துக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் போய்விடும். குடலிறக்கம் என்று சொல்வதாகத்தான் வீட்டில் பேசிக்கொண்டு போனோம். பெரிய கிளார்க் லெட்டரைப் பார்த்துவிட்டு, “என்னங்க டீமேக்கர், ஏழு வாரமா? ஒடம்புக்கு என்ன?” என்று கேட்டதும் அப்பாவின் வாயில் வந்தது மூலம். அந்த கிளார்க்கே அந்த நோய்க்காரர். முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். “அடப்பாவமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க! நான் ரெண்டு தரம் அறுத்தவன்.” அரைமணி நேரம் தன் இரண்டு அறுவை சிகிச்சைகளையும் விவரித்துவிட்டுத்தான் அப்பாவை விட்டார். வீட்டுக்கு வந்து அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

ஏன் அந்த நோயின் பெயரை அவரால் சொல்ல முடியவில்லை என்று நீ கேட்பாய். பக்கத்து டிவிஷனில் இருந்த ஃபீல்டு ஆபீசரை உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சிறுவன். தொண்டையில் வந்து, சிகிச்சை எடுத்து, நன்றாகித் திரும்பினார். அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் மலையேறி இறங்கி வேலை பார்த்தார். அத்தனை வருடமும் அவரைப் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். அவர் ஒரு முடிவு சொன்னால், “பாவம், விடுங்க, சொல்லிட்டுப் போறாரு” என்றார்கள். அப்பா அதைப் பார்த்தவர். ஃபேக்டரியில் இலை எவ்வளவு வாடியிருக்கிறது, எப்போது உலர்த்தும் அடுப்புக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையும் மூக்கும் சொல்வதுதான். அவர் சொல்லைப் பாவம் பார்த்து ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டால் டீமேக்கர் என்று அங்கே நிற்பதில் அர்த்தமில்லை. தவிர, நோய் வந்த இடம். இந்த இரண்டாவது காரணத்தை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. கதிர்வீச்சு மருத்துவர் ஒரு பெண். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான்தான் பதில் சொன்னேன்.

சிகிச்சை நடக்கும்போது வலி எதுவும் இல்லை. கரண்ட் வைப்பது என்று அங்கே வருகிறவர்கள் சொல்வார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் ஒருமுறை, சில நிமிடம், மேசைமேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்; அப்போதுதான் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றுகூட இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து சிறுநீர் போகும்போது எரிச்சல். அடக்க முடியாத அவசரம். போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வரும், வந்து உட்கார்ந்தால் மறுபடி அவசரம். அப்புறம் வயிற்றுப்போக்கு, சளி மாதிரி. அதற்கும் மேலே ஒரு களைப்பு. வேலை செய்து வருகிற களைப்பு தூங்கினால் போய்விடும்; இது தூங்கி எழும்போதே இருந்தது. நோய்க்காகப் போட்ட ஹார்மோன் ஊசியால் உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும். எங்கள் இருவருக்கும் இடையில் மாறிப்போன வேறொன்றும் உண்டு. அதுவும் அந்தத் தாளில் இருந்ததுதான். அதைப் பற்றி மகனுக்கு எழுத எனக்குக் கை வராது; இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்.

வேடிக்கை என்னவென்றால், இவை எல்லாவற்றுக்கும் மூலம் என்ற பொய் பொருந்திப்போனது. சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாட்களில் பனிமூட்டத்துக்கு நடுவே, இலை வாட்டும் மாடியில் எல்லோரும் ஸ்வெட்டரோடு நிற்க, அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு நிற்பார். “ஐயாவுக்கு மூலச்சூடு” என்று பெண்கள் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். சலிக்கும் பகுதியில் வேலை செய்யும் பாக்கியத்தை உனக்குத் தெரியும். அவள் அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் வாரம் இரண்டு நாள் துத்தி இலையோடு வந்துவிடுவாள். “டீச்சர், இத வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுங்க. எங்கப்பாவுக்குக் கண்டியில இருக்கையில இதுதான் கேட்டுச்சு. கருணக்கெழங்கும் கொண்ணாந்திருக்கேன். கீரையா ஆக்கிப் போடுங்க, கீரையா!” மருத்துவர் எங்களுக்குக் கொடுத்த தாளில் கொஞ்ச நாளைக்குக் கீரையும் நாரும் வேண்டாம், குடல் தாங்காது என்று எழுதியிருந்தது. நான் பாக்கியத்திடம் நன்றி சொல்லி வாங்கி, அவள் தலை மறைந்ததும் பின்னால் இருந்த பசுவுக்குப் போட்டேன். கல்யாண வீடுகளில் அப்பா இலையில் யாரும் கறி வைக்கவில்லை. களைப்பில் எங்காவது உட்காரப்போனால், “ஐயோ உக்காராதீங்க, உக்காந்தாத்தான் உங்களுக்கு ஆகாதே!” என்று கைத்தாங்கலாக நிறுத்திவைத்தார்கள். நீ புனேயிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட மெத்தை ஒன்று கூரியரில் அனுப்பினாய். அதைப் பிரித்த அன்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவனுக்குச் சொல்லிடலாமுங்க” என்றேன். “இத்தன பண்ணீட்டானே, இப்பப் போய்ச் சொன்னா கோவிச்சுக்குவான்” என்றார். ஒரு பொய்க்கு நீ காட்டிய அன்பே உண்மையைச் சொல்ல முடியாமல் செய்துவிட்டது.

நான் செய்த தவறுகளையும் எழுத வேண்டும். வாரம் முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தங்கினோம். வெள்ளிக்கிழமை காலை சிகிச்சை முடிந்ததும் பேருந்து ஏறி ஊட்டி, கூடலூர் வழியாக வீட்டுக்கு வருவோம். நாலாவது வாரம் அப்படி வரும்போது நடுவட்டம் தாண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. அப்பா எழுந்து முன்னால் போய் வண்டியை நிறுத்தச் சொன்னார். நடத்துநர் இளைஞன். “ஏனுங்க பெரியவரே, ஊட்டில கால்மணி நேரம் நின்னமே, அப்ப என்ன பண்ணீட்டிருந்தீங்க?” பின்னாலிருந்து ஒருவர், “டீயக் குடிச்சுட்டு இருந்திருப்பாருங்க” என்றார். பேருந்தே சிரித்தது. நடத்துநர் என் பக்கம் திரும்பி, “அம்மா, இவரு உங்ககூட வந்தவருங்களா?” என்று கேட்டான். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேட்காதது மாதிரி. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்தவரை எனக்குத் தெரியாது என்று, வாயைத் திறக்காமல், சொன்னேன். அப்பா தனியாக இறங்கிப் போய்விட்டு வந்தார். கால்சட்டை நனைந்திருந்தது. “மழை” என்றார். “ஆமா, மழைதான்” என்றேன்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பயணம் என்றால் முதல்நாளிலிருந்தே வாயைக் கட்டிவிடுவோம். வளைவில் குமட்டக் கூடாது, வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அப்பா காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். மேசையில் படுக்கும் முன் ‘நிறைஞ்சிருக்குதுங்களா’ என்று அங்கிருந்த பையன் கேட்டால் நிறைந்திருக்கிறது என்று சொன்னார். ஒரு வாரம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே அனுப்பி, தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி கூப்பிட்டார்கள். மற்ற வாரங்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: பேருந்தை நினைத்து, குடிக்க வேண்டாம் என்று நானும்தான் சொன்னேன். இன்று போகும் இரத்தத்துக்கு அந்த வெள்ளிக்கிழமைகள் காரணமா? இரண்டொரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று படித்தவள் என்ற முறையில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மருத்துவரிடம் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் எரிச்சல் போனது. வயிறு சரியானது. களைப்பு மட்டும் அரை வருடம் இழுத்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தோம். ‘முடிஞ்சதும் சொல்கிறேன்’ என்றவர், முடிந்த பிறகு, முடிந்துபோனதை எதற்குச் சொல்வது என்றார். அதுவும் எனக்கு அப்போது நியாயமாகவே பட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், “கொஞ்சம் ரத்தம் மாதிரி தெரியுது” என்றார். அது எதனால் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தத் தாளை அவர் படித்ததில்லை, நான் வரிவரியாகப் படித்திருந்தேன். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட வரலாம், பலருக்குத் தானாகவே குறைந்துவிடும், ஆனால் வந்தால் சொல்லுங்கள் என்றிருந்தது. நான் தானாகவே குறைந்துவிடும் என்ற பாதியை எடுத்துக்கொண்டேன். யார் எது சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள் நான். எனக்கு வசதியான பாதிக்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. சொல்லிச் சொல்லி அப்பா தனக்கு மூலம்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டார். கூடலூர் மருந்துக்கடையில் களிம்பு வாங்கினார். பாக்கியத்தின் துத்தி இலையை அவரே கேட்டு வாங்கிக் கட்டினார். பெரிய கிளார்க்கோடு உட்கார்ந்து யாருக்கு எப்போது அதிகமாகிறது என்று பேசினார். போன மாதம் நீ வந்திருந்தபோது குளியலறையில் சிவப்பாகப் பார்த்துவிட்டுப் பதறினாய். “என்னப்பா இது?” “பழசுதான்டா, மூலம்.” “இன்னும் எத்தன நாள் இப்படியே வெச்சுட்டு இருப்பீங்க? நான் பாத்துக்கறேன், நீங்க பேசாம இருங்க.” நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. எப்படியாவது தள்ளிப்போகும் என்று இருந்துவிட்டேன். நீ எதையும் தள்ளிப்போடுகிற பிள்ளை இல்லை.

நேற்றுக் காலை அவரிடம் கடைசியாகப் பேசிப் பார்த்தேன். “அங்க போனா, முன்னாடி என்ன ட்ரீட்மென்ட் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. சொல்லோணுமுங்க.” “கேட்டாப் பாத்துக்கலாம்.” “கேக்கலீன்னா?” “லேசர்தான, அறுக்கறதில்லியே.” “சூடு வெக்கறதும் புண்ணுதானுங்க.” அவர் செருப்பைத் தேடினார். “நீங்க சொல்லலீன்னா நான் சொல்லிருவேன்” என்றேன். “நீ சொல்ல மாட்ட. சத்தியம் பண்ணியிருக்க” என்று ஃபேக்டரிக்குப் போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு உறுதி. நான் பள்ளிக்குப் போய் நாலு வகுப்பு எடுத்தேன். இன்று விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மணிக்கட்டு முறிந்தது நினைவிருக்கிறதா? எட்டாம் வகுப்பு. கிரிக்கெட் விளையாடப் போகக் கூடாது என்று சொன்ன நாளில் போய், விழுந்து, இரண்டு நாள் கையைப் பையில் விட்டுக்கொண்டு திரிந்தாய். வீங்கியதைப் பார்த்து அப்பா உன்னை அடித்தார். அவர் உன்னை அடித்தது அந்த ஒருதரம்தான். “வெளையாடப் போனதுக்கு அடிக்கலடா. வலிக்கறத மறைச்சதுக்கு” என்றார். அன்று மறைப்பதை அப்படிக் கண்டித்தவரும் இன்று மறைக்கிறவரும் ஒரே ஆள்தான். அவரைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உனக்கும் ஒருநாள் அறுபது வயதாகும். அப்போது உனக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியலாம்.

அறிவுரை சொல்வதற்கு எனக்கு எந்தத் தகுதியும் மிச்சமில்லை. இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன், ஒன்று உடம்பைப் பற்றியது. அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். நாற்பது தாண்டியதும் ஒரு மருத்துவரிடம் போய், என் அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருந்தது, எனக்கு எப்போதிலிருந்து பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேள். இந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்ல முடியாமல் நாங்கள் இரண்டு வருடம் தடுத்து வைத்திருந்தோம். இன்னொன்று: நாளைக்கு உனக்கு மனைவி வந்து, உன் உடம்பில் ஏதாவது வந்தால், அவளிடம் சத்தியம் வாங்காதே. அதைச் சுமக்கிறவளுக்கு அது நோயைவிடக் கனமாக இருக்கும். அப்பா மேல் கோபப்படு. படாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் உன்னை நம்பாமல் மறைத்தார் என்று மட்டும் நினைக்காதே. உன் முன்னால் அவர் டீமேக்கராகவே இருக்க விரும்பினார். என் மேலும் கோபப்படலாம். அதற்கு நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

சிகிச்சைக் கோப்பு அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அந்தத் தாளும் அதில்தான்.

அம்மா

இனி வருவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதியது. நீ உடன் இருந்து பார்த்ததை உனக்கே எழுதுவது வீண்வேலை போலத் தோன்றலாம். எழுதாமல் விட்டால் நானே பின்னால் அதை மாற்றிச் சொல்லிவிடுவேன். இதுபோல மறைக்கிறவர்கள் யாராவது இருந்தால் கடிதம் முழுவதையும் அவர்கள் பார்க்கத் தரலாம் என்று அப்பா சொன்னார், அதற்காகப் பெயர்களை மாற்றிவிட்டேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாய். கடிதத்தைக் கொடுத்தேன். வீட்டுக்குள் வராமல், கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலை வெளியே ஊன்றி உட்கார்ந்து படித்தாய். ஓரிடத்தில் நிறுத்தி, முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாய். முடித்ததும், “அப்பா எங்க?” என்று மட்டும் கேட்டாய். சொல்லி முடிப்பதற்குள் ஃபேக்டரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாய். நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் வந்தேன்.

உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீ அப்பாவின் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாய். அவர் காதைக் காட்டினார். மறுபடி சொன்னாய். மறுபடி காதைக் காட்டினார். அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேச ஒரு வழியும் இல்லை. மூன்றாம் தரம் நீ கத்தினாய்: “கேன்சருன்னு ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?” உலர்த்தும் அடுப்பின் வாயில் நின்ற இரண்டு பெண்களும் பாக்கியமும் திரும்பினார்கள். பாக்கியம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். அப்பா அந்தப் பெண்களைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏண்டா, ஃபேக்டரிக்குள்ள வந்து கத்தறே?”

“வூட்டுலயே சொல்லியிருந்தீங்கன்னா நான் ஏனுங்கப்பா இங்க வந்து கத்தறேன்?”

அப்பா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். நீ போனில் அந்த ஆஸ்பத்திரியின் எண்ணைப் போட்டு அவரிடம் நீட்டினாய். “நீங்களே சொல்லுங்க. நானும் சொல்லமாட்டேன், அம்மாவும் சொல்ல வேண்டாம்.” மணி அடிப்பது வெளியே கேட்டது.  அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வந்த பிறகுதான் அப்பா போனைக் கையில் வாங்கினார். இரைச்சலில் கெட்டுப்போன காது என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசினார். எனக்கு எல்லாம் கேட்டது.

“நாளைக்கு லேசர் பைல்ஸ் தானே சார்? காலைல எட்டு மணிக்கு வெறும் வயித்துல வந்துருங்க.”

“வர்றதில்லீங்க.”

“தேதி மாத்தணுங்களா?”

“எனக்கு மூலம் இல்லீங்க அம்மிணி. புராஸ்டேட் கேன்சருங்க. கரண்ட் வெச்சு ரெண்டு வருசமாச்சு. இப்ப ரத்தம் போகுது.”

“இங்க பைல்ஸ்னுதான சார் எழுதியிருக்கு?”

“அது நாங்க சொன்ன பொய்யுங்க.”

அந்தப் பெண் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி மருத்துவரிடம் கொடுத்தாள். அவர் நாலைந்து கேள்வி கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். எத்தனை தடவை கதிர்வீச்சு என்று கேட்டபோது மட்டும் என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து என்றேன், முப்பத்தைந்து என்று சொன்னார். நாங்கள் இதில் கை வைக்கக் கூடாது, கதிர்வீச்சு கொடுத்த இடத்துக்கே கோப்போடு போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று அந்த மருத்துவர் சொன்னார். நான் என் போனிலிருந்து அங்கே கூப்பிட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். என்ன செய்வார்கள், இரத்தம் நிற்குமா என்பதெல்லாம் பார்த்த பிறகுதான் தெரியும் என்றார்கள்.

அப்பா உன் போனை உன்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, இன்று காலையும் இரத்தம் போனது, நேற்றைவிடக் கூடுதல் என்றார்.